ஈறு நோய் வந்த நாயின் வாய்: மயக்க மருந்து மேசையிலிருந்து தினசரி பிரஷ் வரை

ஜிம்மி எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ். நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வாங்குகிற வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்த இந்தியன் ஸ்பிட்ஸ்தான். வயது ஒன்பது, எடை எட்டு கிலோ. இருப்பது திருச்சியில், அம்மாவோடும் என்னோடும். அவன் வாய் ஈறு நோயால் கெட்டுப்போய், அதைச் சரிசெய்து, இப்போது தினமும் பல் தேய்த்துவிடுகிற நிலைக்கு வந்திருக்கிறோம். எந்த பிரஷ் நல்லது, எந்தப் பேஸ்ட் நல்லது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இந்த வாயில் இப்போது பிரஷ் வைக்கலாமா என்பதுதான் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. வலிக்கிற ஈறில் பிரஷ் வைத்தால் அந்த நாய் அதற்கப்புறம் உங்கள் கையை வாய்ப் பக்கமே விடாது. முதலில் வலியை எடுக்க வேண்டும், பிறகுதான் பிரஷ். நாங்கள் செய்ததை அந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

வாயில் என்ன இருந்தது

முதலில் கவனித்தது அம்மா. “தட்டைப் பார்த்ததும் ஓடி வர்றான், ஒரு வாய் எடுத்துட்டுக் கீழ போட்டுடறான்டி. பசி இல்லாத மாதிரியும் தெரியல.” பசியும் இருக்கிறது, மெல்லவும் முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் வாய் வலிதான். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாது. பல் ஆடினாலும் ஒரு பக்கமாக மென்று, மெல்லாமலே விழுங்கி எப்படியாவது சாப்பிட்டுவிடும். ‘நல்லாத்தானே சாப்பிடுது’ என்று நாம் விட்டுவிடுவது அதனால்தான். தலையைச் சாய்த்து மெல்லுவது, பிஸ்கட்டை எடுத்துக் கீழே போட்டு மறுபடி எடுப்பது, முன்னங்காலால் வாயோரத்தைத் தேய்ப்பது, கயிறு இழுத்து விளையாடுவதை நிறுத்திவிடுவது என்று சின்னச் சின்ன மாற்றங்களாகத்தான் தெரியும். கூடவே வாய் நாற்றம். நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யும் என்ற பேச்சைக் கேட்டே பழகிவிட்டோம். நல்ல ஈறு உள்ள நாய் முகத்துக்கு நேரே மூச்சு விட்டாலும் நாம் மூக்கைப் பொத்த வேண்டியிருக்காது.

நாயின் வாயைப் பார்க்க அதைத் திறக்க வேண்டியதில்லை. வாய் மூடியிருக்கும்போதே உதட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் மேல் வரிசை முழுக்கத் தெரியும். ஜிம்மிக்கு இடது பக்கம் தூக்கியதும் பின்னால் இருக்கிற பெரிய பல் பல்லாகவே தெரியவில்லை. மஞ்சளும் பழுப்புமாகக் காரை மூடியிருந்தது, அதன் மேல் ஓரத்தில் ஈறு உப்பிச் செக்கச்செவேலென்று ஒரு கோடு. ஓரத்தைப் பஞ்சால் தொட்டால் ரத்தம் வந்தது. கீழ் முன்பற்கள் நடுவில் இருந்தவை விரல் நுனி பட்டாலே அசைந்தன.

அந்தப் பெரிய பல் மேல் தாடையின் நாலாவது முன்கடைவாய்ப்பல். இறைச்சியைக் கிழிக்கிற பல் அதுதான். எச்சில் சுரப்பியின் குழாய் ஒன்று கன்னத்தின் உட்புறம் சரியாக அதன் எதிரே வந்து திறக்கிறது. நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்க்குச் சொத்தைப்பல் அபூர்வம், காரை படிவது மட்டும் வேகம். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே பல்லின்மேல் கிருமிகளால் ஆன பிசுபிசுப்பான படலம் உண்டாகிறது. இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கெட்டியான காரையாகிவிடும். படலமாக இருக்கும்வரை பிரஷ்ஷால் துடைத்துவிடலாம். கெட்டியான பிறகு எந்தப் பிரஷ்ஷும், எந்தப் பேஸ்ட்டும் அதை எடுக்காது.

கண்ணுக்குத் தெரிகிற காரை அசிங்கமாக இருக்கிறது என்பதால் எல்லோர் கவனமும் அதன்மேல்தான் போகும். நோய் நடப்பது அங்கே இல்லை. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய இடுக்கில், வெளியே தெரியாமல் நடக்கிறது. நாய்க்கு அந்த இடுக்கு 3 மி.மீ. ஆழம் வரை இருக்கலாம். கிருமி உள்ளே இறங்க இறங்க அது பையாக ஆழமாகிறது, பல்லைப் பிடித்திருக்கிற நாரும் எலும்பும் கரைகின்றன. ஈறு சிவந்து வீங்கிய கட்டத்தோடு நின்றால் முழுக்கச் சரியாகிவிடும். எலும்பு கரைந்துவிட்டால் அது திரும்ப வளராது. மருத்துவர்கள் இதை நாலு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் ஈறு அழற்சி மட்டும், இரண்டாவதில் பிடிமானம் கால் பங்குக்குள் போயிருக்கும், மூன்றாவதில் கால் முதல் பாதி வரை, நாலாவதில் பாதிக்கு மேல். ஒரே வாயில் ஒரு பல் முதல் நிலையிலும் இன்னொன்று நாலாவதிலும் இருக்கலாம். ஜிம்மிக்கு அப்படித்தான் இருந்தது.

சின்ன நாய்களுக்கு இது அதிகம். அல்சேஷனுக்கும் 42 பல்தான், ஸ்பிட்ஸுக்கும் 42 பல்தான். சின்னத் தாடைக்குள் அத்தனையும் நெருக்கியடித்து முளைக்கின்றன. இடுக்கில் சோறு தங்கும், கிருமியும் தங்கும். தாடை எலும்பும் மெல்லியது. கீழ்க் கடைவாயில் நோய் முற்றினால் தாடையே முறிந்துபோகிற ஆபத்து சின்ன நாய்களுக்கு உண்டு. மேல் கோரைப்பல்லின் உட்பக்கம் எலும்பு கரைந்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடும். ஓயாமல் தும்முகிற, ஒரு பக்கம் மட்டும் மூக்கு ஒழுகுகிற வயதான நாய் இருந்தால் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மயக்கம் கொடுக்காமல் முடியாதா

அம்மாவின் பயமே இதுதான். வயதான நாய், மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்குமா என்று. மயக்கம் இல்லாமலே பல்லைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கித் தருவதாகச் சொல்கிற இடங்கள் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டன. நாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கையால் காரையைப் பெயர்ப்பார்கள். நான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. முழித்திருக்கிற நாய் ஈறுக்குக் கீழே கருவியை விடவிடாது, கடைவாயின் உட்புறத்தைக் காட்டாது, எக்ஸ்ரேவுக்கு அசையாமல் படுக்காது. அப்போது மேலே தெரிகிற வெள்ளை மட்டும்தான் கிடைக்கும், கீழே நோய் அப்படியே இருக்கும். பல் வெளுத்துவிட்டதால் இனி ஒன்றுமில்லை என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள் என்பது அதைவிட மோசம். அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரியும், உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கமும் இந்த முறையை வெளிப்படையாகவே எதிர்க்கின்றன. சுரண்டும் கருவியை வாங்கி வீட்டிலேயே செய்வதும் வேண்டாம். அது பல்லின் மேற்பூச்சில் கீறல் போடும், அந்தக் கீறலில் அடுத்த படலம் இன்னும் சுலபமாக ஒட்டும். நாய் ஒருமுறை தலையை உதறினால் கருவி நேராக ஈறில் இறங்கும்.

பல் எக்ஸ்ரே வசதி இருக்கிற கிளினிக்காகத் தேடிப் போனோம். பல்லின் பெரும்பகுதி எலும்புக்குள் இருக்கிறது. எக்ஸ்ரே இல்லாமல் எந்தப் பல்லை வைப்பது, எதை எடுப்பது என்று தீர்மானிப்பது கடினம். டாக்டரம்மா இதயத் துடிப்பை நிதானமாகக் கேட்டார். சின்ன நாய்களுக்கு வயதானால் இதய வால்வு தளர்வது சகஜம், முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஜிம்மிக்கு அது இல்லை. “வயசைப் பார்த்துப் பயப்படாதீங்கம்மா, ரத்த ரிப்போர்ட் வரட்டும், அதைப் பார்த்துப் பேசலாம்” என்றார் அம்மாவிடம்.

சிறுநீரகம், ஈரல் இரண்டும் நன்றாக இருந்தன. ரத்தம் உறைய உதவுகிற தட்டணு (பிளேட்லெட்) மட்டும் எண்பதாயிரம் சொச்சம். இரண்டு லட்சத்தை ஒட்டியோ மேலேயோ இருக்க வேண்டியது. உண்ணிக் காய்ச்சல். தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு எர்லிகியா என்ற பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும். நாய் வெளிப்பார்வைக்குச் சுறுசுறுப்பாக இருக்கும்போதே அது உள்ளே தட்டணுவைக் குறைத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. நம் பக்கத்தில் பல் வேலைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும். பரிசோதனையில் எர்லிகியா உறுதியானது. டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம், பிறகு மறுபடி ரத்தம் பார்த்துத் தேதி குறிக்கலாம் என்றார். அந்த மாத்திரை உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். அதனால் மாத்திரை கொடுத்த கையோடு கொஞ்சம் தண்ணீரும் இரண்டு கவளம் சோறும் கொடுத்தோம்.

அந்த நாட்களில் பல்லைத் தொடவே இல்லை. வலிக்கு டாக்டரம்மா எழுதிக்கொடுத்த கபாபென்டின் மட்டும். மனிதர்களுக்கான திரவ மருந்துகள் சிலவற்றில் நாய்க்கு நஞ்சான சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருக்கும் என்பதால் காப்ஸ்யூலாகத்தான் கொடுத்தார். வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். சாப்பாடு நன்றாகக் குழைந்த சோறும், வேகவைத்துப் பிய்த்த கோழியும், அதன் சாறும். வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் இல்லாமல்.

ஆன்டிபயாடிக் கொடுத்தே ஈறைச் சரிசெய்ய முடியாதா என்றும் கேட்டேன். கொஞ்ச நாள் வீக்கம் அடங்கும், நாற்றமும் குறையும். கிருமிக்கு இருப்பிடமான காரை அங்கேயே இருப்பதால் மருந்து நின்றதும் பழையபடி ஆகிவிடும் என்றார். காரையை எடுப்பதுதான் சிகிச்சை.

மேசையில் நடந்தது

மறுபடி ரத்தம் பார்த்துக் குறித்த நாளுக்கு முந்தைய இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் கொடுக்கவில்லை, தண்ணீர் மட்டும் காலைவரை. முன்னங்காலில் ஊசி ஏற்றி, தூங்கவைத்து, தொண்டையில் குழாய் விட்டார்கள். அந்தக் குழாயைச் சுற்றி ஒரு சின்ன பலூன் இருக்கிறது. அதில் காற்று நிரப்பினால் குழாய்க்கும் மூச்சுக்குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி அடைபட்டு, பல்லிலிருந்து சிதறுகிற தண்ணீரும் காரைத் துண்டும் நுரையீரலுக்குள் போகாது. மயக்கம் இல்லாத சுத்தத்தில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. சின்ன உடம்பு, வாயில் ஓயாமல் தண்ணீர் தெளிக்கிறார்கள், சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று அடியில் சூடு விரிப்பு, மேலே துண்டு. ஒரு ஆள் முழுநேரமும் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்க என்னை விட்டார்கள்.

முதலில் பெரிய காரைத் துண்டுகளை டாக்டரம்மா இடுக்கியால் பெயர்த்தார். இடது மேல் பல்லிலிருந்து வந்த துண்டைத் தட்டில் போட்டு அப்புறம் எனக்குக் காட்டினார். உட்பக்கம் பல்லின் மேடு பள்ளம் அச்சாகப் பதிந்திருந்தது, ஓரம் கருத்துப் பச்சையாக, நாற்றம் தாங்கவில்லை. அது போன இடத்தில் பல்லின் வேர் பிரிகிற கவட்டை வெளியே தெரிந்தது.

மீதிக்கு அல்ட்ராசானிக் கருவி. அதன் முனை நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்து காரையை உடைக்கிறது. அந்த அதிர்வில் சூடு கிளம்பும், பல்லின் உள்ளே இருக்கிற நரம்பு வெந்துபோகாமல் இருக்கத்தான் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. ஒரே பல்லில் தொடர்ந்து அதிக நேரம் நிற்காமல் சுற்றிச்சுற்றி வந்தார். பிறகு ஈறுக்குக் கீழே கையால் பிடிக்கிற மெல்லிய கருவி. அடுத்து மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோலை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுக்குள் மெதுவாக இறக்கி ஆழத்தைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டார். இரண்டு, இரண்டு, மூன்று என்று வந்துகொண்டிருந்தது. இடது மேல் பெரிய பல்லில் எட்டு என்றார். எக்ஸ்ரேயில் அதன் மூன்று வேர்களில் இரண்டைச் சுற்றி எலும்பு இருந்த இடம் கறுப்பாக இருந்தது. அந்தப் பல்லின் வேர் நுனியில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே வீங்கும். அது நடப்பதற்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

மூன்று வேர்ப் பல்லை நேரே பிடுங்க முடியாது. நரம்பு மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் திறந்து, பல்லை வேருக்கு ஒரு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றாக அசைத்து அசைத்து எடுத்து, ஈறை இழுத்துக் கரைகிற நூலால் தைத்தார். அன்றைய நேரத்தில் பாதி இந்த ஒரு பல்லுக்கே போனது. கீழ் முன்பற்களில் ஆடிக்கொண்டிருந்த நான்கும் சுலபமாக வந்துவிட்டன. கடைசியாகப் பாலிஷ். அதை அலங்காரம் என்று நினைத்து, செலவைக் குறைக்க அது வேண்டாமே என்று சொல்பவர்கள் உண்டு. கருவி பட்ட பல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும், பாலிஷ் போட்டு வழுவழுப்பாக்கினால்தான் படலம் சீக்கிரம் ஒட்டாது.

இதற்கு நடுவில் அவர் வெளியே வந்து என்னிடம் கேட்டது ஒன்று உண்டு. வலது பக்கத்து மேல் பெரிய பல்லில் பை 5 மி.மீ. எலும்பு கொஞ்சம் போயிருக்கிறது, முழுக்கப் போகவில்லை. வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் காப்பாற்றலாம். “தினமும் தேய்ப்பீங்கன்னா இந்தப் பல்லை விட்டுவைக்கிறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, எடுத்துடலாம். தேய்க்காத வாயில இது வலிச்சுக்கிட்டேதான் இருக்கும்.” இப்படிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பல்லை எடுப்பது தோல்வி கிடையாது. நோயுள்ள பல் வாயில் இருப்பதைவிட அது இல்லாமல் நாய் நிம்மதியாகச் சாப்பிடும். தினமும் தேய்க்க ஆள் இல்லாத வீட்டில் அரைகுறைப் பல்லை விட்டுவைப்பதுதான் நாய்க்குச் செய்கிற கொடுமை. நான் தேய்ப்பதாகச் சொன்னேன்.

ஆறுகிற நாட்கள்

அன்று மாலை தள்ளாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தவன் ராத்திரியே குழைந்த தயிர்ச்சோறு கொஞ்சம் நக்கினான். இரண்டு வாரம் மெத்தென்ற சாப்பாடு மட்டும். கடிக்கிற பொம்மை எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவைத்தோம். பிரஷ் கூடாது. அதற்குப் பதில் டாக்டரம்மா கொடுத்த 0.12 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் கரைசல். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, உதட்டோரத்தில் வைத்து, ஈறு ஓரமாக வழியவிட்டால் போதும். மருந்துக் கடையில் மனிதர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 0.2 சதவீதம், அதைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். இந்தக் கரைசலை மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல் பழுப்பாகும், காரையும் கூடும். சொன்ன நாள் முடிந்ததும் நிறுத்திவிட்டோம்.

தையல் ஆறிய பிறகு அவனிடம் தெரிந்த மாற்றத்தை அம்மா ஊருக்கெல்லாம் சொன்னார்கள். கயிற்றைக் கவ்விக்கொண்டு வந்து இழு என்று காலடியில் போட்டான். வயதாகிவிட்டது, விளையாட்டு குறைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்ததில் பாதி பல் வலி.

பிரஷ்ஷுக்குப் பழக்கியது

ஈறு நோய் ஒருமுறை வந்த நாய்க்கு வாரத்துக்கு ஒருநாள் தேய்ப்பதில் பலன் இல்லை. படலம் கெட்டியாக இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது, அதனால் தினமும் ஒரு முறை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, வெளியே போய்வந்த பிறகு என்று நேரம் வைத்துக்கொண்டோம்.

முதலில் பிரஷ்ஷைக் கண்ணிலேயே காட்டவில்லை. கோழி வேகவைத்த தண்ணீரில் விரலைத் தோய்த்து நக்கவிட்டேன். அப்புறம் அதே விரல் உதட்டுக்கு உள்ளே, கோரைப்பல்மேல் ஒரு தடவல், உடனே பாராட்டு, ஒரு துண்டு கோழி. அவன் முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடுவேன். வற்புறுத்திப் பிடித்தால் அடுத்த நாள் நம்மைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். விரல் பழகியதும் விரலில் மெல்லிய காஸ் துணி சுற்றி, அதன்பிறகு விரலில் மாட்டுகிற ரப்பர் பிரஷ், கடைசியாக நார் பிரஷ். ரப்பர் பிரஷ்ஷோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது பழக்குவதற்கு நல்லது, ஆனால் அதன் முனைகள் தடியானவை, ஈறு ஓரத்து இடுக்குக்குள் நுழையாது. கைக்குழந்தைகளுக்கு விற்கிற மிக மென்மையான சின்னத்தலைப் பிரஷ் ஜிம்மி அளவு நாய்க்குக் கச்சிதம்.

பேஸ்ட் நாய்க்கென்று விற்பதுதான் வாங்க வேண்டும். நாய் துப்பாது, விழுங்கும். நம் பேஸ்ட்டில் ஃபுளோரைடும் நுரைப் பொருளும் இருக்கும், சிலவற்றில் சைலிட்டால் இருக்கும். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் சைலிட்டால் போனாலே ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும், அளவு கூடினால் ஈரல் போய்விடும். லேபிளில் அது 967 என்ற எண்ணாகவும் இருக்கலாம். நாய்ப் பேஸ்ட் கோழிச் சுவையில் வருகிறது, நுரைக்காது. பட்டாணி அளவு எடுத்து, நாருக்குள் விரலால் அழுத்திவிட வேண்டும். மேலாக வைத்தால் முதல் நக்கலிலேயே காலி.

நான் தேய்க்கிற முறை இது. அவன் என் மடியில் முதுகைக் கொடுத்து உட்காருவான். எதிரில் உட்கார்ந்து முகத்துக்கு நேரே பிரஷ்ஷை நீட்டினால் பயப்படுகிறான். இடது கைக் கட்டைவிரலால் வலது உதட்டைத் தூக்குகிறேன், வாய் மூடியே இருக்கும். பிரஷ்ஷைப் பல்லுக்கும் ஈறுக்கும் சேருகிற கோட்டில், நார் ஈறைப் பார்த்துச் சாய்கிற மாதிரி 45 பாகையில் வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றுகிறேன். முதல் பல் அந்த வலது மேல் பெரிய பல். நாய் பத்து நொடிதான் பொறுக்கும் என்றால் அந்தப் பத்து நொடி அங்கே போகட்டும். அப்புறம் கோரைப்பல், மற்ற மேல் பற்கள், அதற்குப் பிறகு இடது பக்கம், கடைசியாகக் கீழ் வரிசை. உட்பக்கத்தை நாக்கு ஓரளவு துடைத்துவிடுகிறது, வெளிப்பக்கத்துக்குத்தான் நம் கை வேண்டும். மொத்தமும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வாயைக் கழுவ வேண்டியதில்லை.

தொடங்கிய நாட்களில் நாரில் இளஞ்சிவப்பாக ரத்தம் தெரிந்தது. ஈறு இன்னும் முழுக்க ஆறவில்லை என்று அர்த்தம், அதற்காக நிறுத்திவிடக் கூடாது. மென்மையாகத் தொடர்ந்தால் குறைந்துகொண்டே வந்து நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை, அல்லது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, தொட்டால் உறுமுகிறது என்றால் அங்கே மருத்துவர் பார்க்க வேண்டியது ஏதோ இருக்கிறது.

மற்ற வழிகளைப் பற்றி என் கருத்து

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேப்பங்குச்சி கொடுக்கச் சொன்னார். அக்கறையில் சொன்னதுதான். வேப்பங்குச்சியை மனிதன் மென்று நார் பிரித்துப் பக்குவமாகத் தேய்க்கிறான். நாய் அதை உடைத்துச் சிலும்பாக்கும். மேல் அண்ணத்தில் இரண்டு கடைவாய்க்கும் குறுக்கே குச்சி மாட்டிக்கொண்டு வருகிற நாய்களைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். உப்பு, சமையல் சோடா, பல்பொடி, கரித்தூள் எல்லாம் சுரசுரப்பானவையோ உடம்புக்குள் போகக் கூடாதவையோதான். லவங்க எண்ணெய் புண்ணான ஈறில் எரியும்.

எலும்பு பல்லைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மென்றால் கொஞ்சம் காரை உதிரும் என்பது உண்மை. வேகவைத்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். வேகாத கெட்டி எலும்பு, மான்கொம்பு, மாட்டுக் குளம்பு மூன்றும் அந்தப் பெரிய கடைவாய்ப்பல்லின் பக்கவாட்டைச் சீவி எடுத்துவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் நாய்க்கு மெல்லக் கொடுக்காதீர்கள். பிஸ்கட்டும் சாதாரண உலர் தீவனமும் பல்லைத் தேய்க்கும் என்பதும் சரியில்லை. பல்லின் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும், ஈறு ஓரத்தைத் தொடுவதே இல்லை.

பல்லுக்கென்று விற்கிற மெல்லும் குச்சிகளில் நல்லவையும் இருக்கின்றன. 1997 முதல் கால்நடை வாய்நலக் குழு ஒன்று அமெரிக்காவில் இயங்குகிறது. தயாரிப்பாளர் கொடுக்கும் சோதனை முடிவுகளைப் பார்த்து, படலத்தையோ காரையையோ குறிப்பிட்ட அளவு குறைப்பவற்றுக்கு முத்திரை தருகிறது. அந்த முத்திரை உள்ளதாகப் பார்த்து, எடைக்கு ஏற்ற அளவில் வாங்கலாம். கடற்பாசிப் பொடி ஒன்றுக்கும் அந்த முத்திரை உண்டு. அதில் அயோடின் இருப்பதால் தைராய்டு கோளாறுள்ள நாய்க்குக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இவை எல்லாமே பிரஷ்ஷுக்குத் துணை. ஜிம்மிக்கு ராத்திரி தேய்த்து முடித்ததும் பரிசாக ஒரு குச்சி கிடைக்கிறது. அந்தக் குச்சிக்காகவே அவன் முதுகைக் காட்டி வந்து உட்காருகிறான் என்று அம்மா சொல்வார்கள்.

வீட்டில் குட்டி இருந்தால் உதட்டைத் தூக்கிப் பார்க்கிற பழக்கத்தை முதல் வாரத்திலிருந்தே தொடங்கிவிடுங்கள். ஆறேழு மாதத்தில் நிரந்தரப் பல் முளைத்த பிறகும் பால்பல் விழாமல் பக்கத்திலேயே நிற்பது ஸ்பிட்ஸ் மாதிரி நாய்களுக்கு அதிகம், குறிப்பாகக் கோரைப்பல். இரட்டைப் பல்லாக நின்றால் நடுவில் சோறு தங்கி நோய் அங்கிருந்துதான் தொடங்கும். கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போதே அதையும் எடுத்துவிடச் சொல்லலாம்.

ஜிம்மியின் வலது மேல் பல் இன்னும் நிற்கிறது. போன முறை காட்டியபோது ஈறு இளஞ்சிவப்பாக இறுகிப் பிடித்திருந்தது, தொட்டதற்கு ரத்தம் இல்லை. பையின் ஆழம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அடுத்த மயக்கத்தின்போதுதான் அளக்க முடியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்ட வேண்டும், வருடம் திரும்பும்போது ரத்தமும் தட்டணுவும் பார்த்துவிட்டு, சுத்தமும் எக்ஸ்ரேயும் செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதுவரை உண்ணி வராமல் இருக்க மாத மாத்திரையைத் தவறவிடாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.